நாற்பத்தோராவது அபாயம்

உலகத்தில் கட்டையான மனிதன் என்று ஒருவனும் கிடையாது. நீளமான பேண்ட்தான் உண்டு. மனிதர்கள் எல்லோரும் சரியான அளவில்தான் பிறக்கிறார்கள். தப்பான அளவில் பிறப்பது பேண்ட் மட்டுமே. அந்தத் தப்பைத் திருத்துவதற்காகத்தான் தையல்காரர்கள் என்று ஓர் இனமே உண்டாயிற்று.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர், ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவே இருந்த ஆறடிக்கு எட்டடி இடத்தில், இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களுடைய பேண்ட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார். புதிதாக எதையும் அவர் தைப்பதில்லை. மேல்மாடிக் கடைகளில் பேண்ட் வாங்குகிறவர்கள் நேராக இறங்கி அவரிடம் வருவார்கள். அவர் முழங்காலிட்டு, அடியை மடித்து, குண்டூசி குத்தி, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டபடியே மேற்படி உண்மையை எடுத்துச் சொல்வார். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சொல்வதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைச் சிரிக்கவைப்பது யாருக்குமே நல்லதல்ல.

அவருடைய சொந்த உயரம் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அதைப் பற்றி அவருக்குக் கடுகளவும் கவலை கிடையாது. கவலை கிடையாது என்பதை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

அவருடைய தம்பி ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவன். அந்த அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். இந்த வருடம் போட்டோ வந்தபோது அதில் தம்பியைக் காணோம். வீடே தேடியது. கடைசியில் தையல்காரரின் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“இதோ இருக்கார் பாருங்க. மேனேஜர் தோளுக்குப் பின்னால கறுப்பா ஒரு முடி தெரியுதே, அது நம்ம வீட்டு எண்ணெய்தான்.”

அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து தம்பியும் சிரித்தான். மறுநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

“அண்ணா, நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். கால் எலும்பை நீளமாக்கறாங்களாம். ஏழு சென்டிமீட்டர்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

தையல்காரர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “இவனுக்கு மூளையில ஏழு சென்டிமீட்டர் குறையுது. அதுக்கு எங்க நீட்டறாங்கன்னு விசாரி.”

அவள் சிரிக்கவில்லை. தம்பி கைகழுவப் போனதும் கணவனிடம் மெல்லச் சொன்னாள்: “நாளைக்கு அங்க போறாராம். நீங்களும் கூடப் போங்க. கூடப்போய்ப் பயமுறுத்துங்க. எதையாவது கேளுங்க. உங்களுக்குத்தான் கேள்வி கேக்க வருமே. நம்ம பையன் ரெண்டு காலும் முழுசா வீடு திரும்பணும், அவ்வளவுதான்.”

அதனால்தான் தையல்காரர் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு வேலைநாளில் கடையைச் சாத்தினார்.

கால் எலும்பை நீட்டும் அந்த உயர்வு மையம் ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தது. அதன் கண்ணாடிக் கதவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் நுழைந்தாலும் தேன் குழைத்த ஒரு பெண் குரலில் வரவேற்கும்.

“வணக்கம். நூற்று அறுபது,” என்றது, தம்பி நுழைந்ததும்.

“வணக்கம். நூற்று ஐம்பத்தாறு,” என்றது, அண்ணன் நுழைந்ததும். உள்ளே உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தையல்காரர் கதவைப் பார்த்து, “தெரியும்,” என்றார்.

வரவேற்பு மேசை அவருடைய மூக்குவரை இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த பெண்ணின் கண்களை மட்டும் பார்த்து அவர் பெயர் கொடுத்தார். நாற்காலிகளும் உயரமானவை, உட்கார்ந்தால் கால் தரையில் படாமல் தொங்கியது. சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தார்கள். அது அவருடைய நெற்றிக்கு மேலிருந்துதான் தொடங்கியது. அதில் பார்த்தபோது, நடுவகிடெடுத்த ஒரு தலைமுடி மட்டும் தெரிந்தது. அது தன்னுடையதுதான் என்பது அவருக்குப் புரிய சற்று நேரமாயிற்று.

“தச்சன் தப்பு பண்ணிட்டான்போல,” என்றார் தம்பியிடம்.

“இல்ல அண்ணா, வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க.”

“எதுக்கு?”

“நமக்குப் புரியணும்னு.”

உயர ஆலோசகி வந்தாள். சின்னப் பெண்; கைகளைக் குவித்தபடியே பேசுகிறவள். இங்கே நோயாளி என்று யாரும் கிடையாது, வளர்பவர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே விளக்கிவிட்டாள். தம்பியின் சட்டையில் ‘வளர்பவர் 17’ என்று ஒரு வில்லையைக் குத்தினாள். தையல்காரரின் சட்டையில் ‘உடன் வளர்பவர் 17’ என்று குத்தினாள்.

“நான் வளரல. சும்மா கூட வந்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க,” என்று கனிவோடு சிரித்தாள்.

அவளுடைய அறையில் மூன்று பிளாஸ்டிக் கால்கள் மேசைமேல் நின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினாள். முதல் முறையில் காலைச் சுற்றி வெளியே இரும்பு வளையங்கள். அவற்றிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும். தினமும் நாலு வேளை ஒரு சாவியால் திருக வேண்டும். வேளைக்குக் கால் மில்லிமீட்டர், ஆக நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். இரண்டாவது முறையில் வளையமும் உண்டு, எலும்புக்குள்ளே ஒரு கம்பியும் உண்டு. வளையத்தைச் சீக்கிரம் கழற்றிவிடலாம். மூன்றாவதில் எல்லாமே உள்ளே; வெளியே ஒரு காந்தக் கருவியைக் காலில் வைத்தால் உள்ளிருக்கும் கம்பி தானாக நீளும்.

“எல்லாம் சரிம்மா. எலும்பு எப்படி நீளும்? அது என்ன ரப்பரா?”

“நடுவுல ஒரு சின்னத் திறப்பு பண்ணுவோம் சார்.”

“திறப்புன்னா?”

“ஒரு பிரிவு.”

“பிரிவுன்னா?”

ஆலோசகி குவித்த கையை இன்னும் கொஞ்சம் குவித்தாள். “வெட்டுவோம் சார்.”

“வெட்டுவீங்களா! நீட்டறதுன்னுதானே வெளிய எழுதியிருக்கு?”

“வெட்டினாத்தான் சார் நீளும்.”

“எங்க கடையில வெட்டினா குறையும்,” என்றார் தையல்காரர். தம்பியின் பக்கம் திரும்பினார். “கேட்டியாடா? காலை வெட்டுவாங்களாம். நல்லாக் கேட்டுக்கோ.”

தம்பி மூன்றாவது பிளாஸ்டிக் காலை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தான். “ரிமோட் ப்ளூடூத்ல வேலை செய்யுமா மேடம்?” என்று கேட்டான்.

தையல்காரர் வாடிக்கையாளர்களின் அளவுகளை எழுதும் நோட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஒரு கேள்வியும் விடாமல் கேட்டார், ஒரு பதிலும் விடாமல் எழுதினார். தொடை எலும்பில் செய்தால் என்ன, முட்டிக்குக் கீழே செய்தால் என்ன? எத்தனை மாதம் படுக்கை? எப்போது ஊன்றி நிற்கலாம்? வளையத்தோடு எப்படித் தூங்குவது? புரண்டு படுத்தால்? ஒவ்வொரு பதிலையும் தம்பியின் காதருகே உரக்கத் திருப்பிச் சொன்னார். தம்பி போனில் எதையோ பார்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டினான். ஆலோசகியோ ஒவ்வொரு கேள்விக்கும் தன் கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, “உங்க ஆர்வத்துக்கு சார்,” என்றாள்.

அடுத்து அபாய அறிமுக வகுப்புக்குப் போகும் வழியில், தாழ்வாரத்தில், சக்கர நாற்காலியில் ஓர் ஆள் இருந்தார். இரண்டு கால்களையும் சுற்றி வளையங்கள். ஒவ்வொரு கம்பியும் தோலுக்குள் போகுமிடத்தில் பஞ்சு. ஒரு சின்னச் சாவியால் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார். திருகும்போது கண்ணை மூடிக்கொண்டார். திருகி முடித்ததும் புன்னகை செய்தார்.

தையல்காரருக்கு இந்த மனிதர் வரப்பிரசாதமாகத் தோன்றினார். தம்பியை இழுத்து முன்னால் நிறுத்தினார். “ஐயா, இவன்தான் பண்ணிக்கப்போறானாம். வலி எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க.”

“வலின்னு சொல்லக்கூடாதுங்க. இங்க அதுக்கு வளர்ச்சி உணர்வுன்னு பேரு.”

“சரி, அந்த உணர்வு எப்படி?”

“உயிர் போகுது.”

“கேட்டியாடா!” தையல்காரர் பூரித்துப்போனார். “யாரு ஐயா உங்களை இதுல இழுத்துவிட்டது?”

“யாரும் இழுக்கல. மச்சான் பண்ணிக்கறேன்னான். அவனைத் தடுக்கறதுக்காகக் கூட வந்தேன். அவன் பயந்து ஓடிட்டான்.”

“நீங்க ஓடலையா?”

“நான் எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்ல,” என்றார் அவர் பெருமையாக. “விவரம் தெரிஞ்சவன் எதுக்கு ஓடணும்?”

தாழ்வாரத்தின் திருப்பம்வரை அடக்கிக்கொண்டு வந்த தையல்காரர், திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தடுக்க வந்தானாம்! வந்த இடத்துல காலை வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்! விவரம் தெரிஞ்சவனாம்! டேய், மனுஷனுக்கு முட்டாள்தனம் இருக்கலாம். அதுக்கு வளையம் வேற மாட்டிக்கிட்டுத் திரிய வேண்டாம்.”

“சத்தம் போடாதீங்க அண்ணா. அவர் காதுல விழும்.”

“விழட்டுமே. எழுந்து வந்து அடிக்கவா போறான்?”

அபாய அறிமுக வகுப்பை நடத்தியவர் அபாய அதிகாரி. முன்பு எங்கோ பள்ளித் தேர்வுகளைக் கண்காணித்தவர் என்பது, அவர் நடையிலேயே தெரிந்தது. யாராவது பக்கத்து இருக்கையைப் பார்த்தால் நின்றுவிடுவார். சுவரில் நாற்பது அபாயங்கள் அச்சிட்ட பெரிய அட்டவணை தொங்கியது. ஓரங்களில் பூ வேலைப்பாடு.

“மத்த இடங்களுக்குப் போய்ப் பாருங்க,” என்று தொடங்கினார். “அபாயத்தை ஒளிச்சு வெப்பாங்க. நாங்க அந்த வேலையே பண்றதில்ல. எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லிடுவோம். சொல்லாத வரைக்கும் அபாயம் எங்களோடது. சொல்லிட்டா உங்களோடது. அதனால நாங்க எவ்வளவு சீக்கிரம் சொல்லணும்னு நினைப்போம், பாருங்க!”

நாற்பதையும் வரிசையாகச் சொன்னார். கம்பி போகும் துளையில் சீழ் பிடிக்கலாம். நரம்பு இழுபட்டு மரத்துப்போகலாம். முட்டி மடங்காமல் போகலாம். ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். எலும்பு ஒட்டாமல் போகலாம். எலும்பு சீக்கிரமே ஒட்டிக்கொள்ளலாம்.

தையல்காரர் கை தூக்கினார். “ஒட்டலைன்னாலும் அபாயம், ஒட்டினாலும் அபாயமா?”

“நாம நீட்டி முடிக்கறதுக்குள்ள ஒட்டக்கூடாது. முடிச்சப்புறம் ஒட்டாம இருக்கக்கூடாது. எலும்பு சொன்ன பேச்சைக் கேக்கணும். சில எலும்புகளுக்கு ஒழுக்கம் பத்தாது.”

“அந்த மாதிரி நூத்துக்கு எத்தனை பேருக்கு ஆகும்?”

“சில பேருக்கு.”

“அவங்க வந்து சண்டை போடலையா?”

“எப்படிப் போடுவாங்க? எல்லாரும் பரீட்சையில பாஸ் ஆனவங்க.”

இங்கேதான் தையல்காரருக்குப் பரீட்சை என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. அபாயங்களை முழுவதும் புரிந்துகொண்டவருக்கு மட்டுமே இந்த மையத்தில் காலை வெட்டுவார்கள். புரிந்துகொள்ளாதவருக்கு மாட்டார்கள். புரிந்துகொள்ளாதவருக்கு வெட்டினால் அது குற்றமாகிவிடும் என்றும், புரிந்துகொண்டவருக்கு வெட்டினால் அது சேவை என்றும் அபாய அதிகாரி விளக்கினார். நாற்பது கேள்வி. முப்பத்திரண்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. பிற்பாடு வீட்டிலிருந்து யாரும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லக்கூடாது என்பதற்காக உடன் வருபவரும் எழுத வேண்டும்.

“நான் எதுக்கு எழுதணும்? எனக்கு எதுவும் வேண்டாம்,” என்றார் தையல்காரர்.

“நீங்க எழுதலைன்னா அவர் தனியா எழுதுவார். தனியா வந்தவங்களுக்கு விதி கொஞ்சம் தளர்த்தப்படும். கேள்வி பத்துதான். அதுலயும் விடை கீழயே இருக்கும்.”

தையல்காரர் அவசரமாகப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய அதிகபட்ச மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்தெட்டு, அதுவும் ஓவியத்தில். ஆனால் இன்றைக்கு மடியில் நோட்டு நிறைய விவரம் இருந்தது. ஒவ்வொரு கேள்வியும் காலையிலிருந்து அவரே யாரையாவது கேட்ட கேள்வியாகத்தான் இருந்தது. தம்பி பக்கத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். அப்படி மறைத்துக்கொள்வது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதுவரை அவருடைய தாளை யாரும் எட்டிப் பார்க்க விரும்பியதில்லை.

கடைசியில், ‘வேறு ஏதேனும் அபாயம் உங்களுக்குத் தோன்றுகிறதா?’ என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். எல்லோரும் காலியாக விடும் கோடு அது. தையல்காரர் தம் தொழில் தர்மப்படி எழுதினார்: ‘ஆபரேஷன் ஆனதும் வளர்பவரிடம் இருக்கும் எல்லா பேண்டும் கட்டையாகிவிடும். குறைத்துத் தைத்தபோது மிச்சத் துணியை வெட்டிவிட்டிருப்பார்கள். இறக்கிவிட உள்ளே மடிப்பு இருக்காது. ஆள் உயர்ந்து பேண்ட் உயராமல், கணுக்கால் தெரியத் திரிய நேரிடும்.’

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. தம்பி நாற்பதுக்குப் பதினொன்று. உடன் வளர்பவர் பதினேழு, நாற்பதுக்கு நாற்பது.

அபாய அதிகாரி விடைத்தாளை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். “ஆறு வருஷமா இந்தப் பட்டியலைக் காப்பாத்திட்டு வர்றேன். நாற்பதுதான் முழுமைன்னு நினைச்சிருந்தேன். நீங்க ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க.” ஒரு சின்ன ஏணியில் ஏறி, அட்டவணையின் அடியில், ‘41. உடையின் பற்றாக்குறை’ என்று தம் கையாலேயே எழுதினார். இறங்கிவந்து கைகொடுத்தார். வகுப்பில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

தையல்காரர் தலைகுனிந்து நின்றார். காது சூடாகியிருந்தது.

தம்பியின் நிலைமை வேறு. தேறாதவர்கள் இரண்டு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அவன் முகம் தொங்கிப்போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், காலையில் கொடுத்த கையேட்டை முதல்முறையாகப் பிரித்துப் படிக்கத் தொடங்கினான். மூன்றாம் பக்கத்தில் அவன் கண் நின்றது.

“அண்ணா! இதுல நரம்பு செத்துப்போகும்னு போட்டிருக்கு!”

“காலையிலேர்ந்து அதைத்தானேடா கத்திட்டிருக்கேன்.”

“நீங்க சும்மா பயமுறுத்தறீங்கன்னு நினைச்சேன். இது அச்சுல போட்டிருக்கே!” அடுத்த பக்கத்தைப் புரட்டினான். “ஐயோ, ஆறு மாசமா?” இன்னொரு பக்கம். “அண்ணா, வாங்க போலாம். எனக்கு வேண்டாம். போட்டோவுல நான் முன்வரிசையில உக்காந்துக்கறேன். கேட்டா உக்கார விடுவாங்க.”

தையல்காரரின் மனதில் இருந்த பாறாங்கல் இறங்கியது. வந்த வேலை முடிந்தது. கிளம்புவதற்காகச் சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றினார். அப்போது பெரிய டாக்டர் பார்க்க விரும்புவதாக ஆலோசகி வந்து சொன்னாள்.

பெரிய டாக்டர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து இறங்குவதற்கு இரண்டு படிகள் இருந்தன. அவர் இறங்கி வந்து நின்றபோது, தையல்காரர் தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு டாக்டரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

“நாற்பதுக்கு நாற்பது! ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கறேன். தேதி எப்ப வெச்சுக்கலாம்?”

“எனக்கா? எனக்கு வேண்டாம் டாக்டர். எனக்கு நாற்பத்துமூணு வயசு.”

“எலும்புக்கு வயசு தெரியாது. நாமளா சொன்னாத்தான் உண்டு.”

“இதுல இவ்வளவு ஆபத்து இருக்கே.”

“பார்த்தீங்களா!” டாக்டர் ஆலோசகியிடம் திரும்பினார். “எவ்வளவு தெளிவு! இவரை மாதிரி மனுஷங்களுக்காகத்தான் இந்த மையத்தையே கட்டினேன்.”

தையல்காரர் தம்மிடமிருந்த கடைசிக் குண்டூசியை எடுத்தார். “தப்பா நினைக்காதீங்க. நீங்களும் என் அளவுதான். நீங்க ஏன் பண்ணிக்கல?”

“நானா?” டாக்டர் உண்மையிலேயே வியந்துபோனார். “எனக்கு இதுல என்னென்ன ஆகும்னு தெரியுமே! தினம் பார்க்கறேனே!” பிறகு தோளில் கைவைத்தார். “நான் யாரையும் ஒருநாளும் கட்டாயப்படுத்தினதில்ல. அவங்களா வந்து கெஞ்சுவாங்க. கெஞ்ச வைக்கறதுக்குன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. அதுல நான் தலையிடறதில்ல. வேண்டாம்னா தாராளமா போகலாம். ஒரே ஒரு கையெழுத்து.”

தம்பியைக் கீழே போய் வண்டி பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆலோசகியின் அறையில் போய் உட்கார்ந்தார் தையல்காரர். கால் தரையில் படவில்லை. அவள் ஒரு தாளை நகர்த்தினாள். மறுப்புப் படிவம். தேறியவர்கள் வேண்டாமென்று சொன்னால் இதில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

“பண்ணிக்கறதுல அபாயம் இருக்கற மாதிரி, பண்ணிக்காம இருக்கறதுலயும் இருக்கில்ல சார். அதையும் சொல்லிடறது எங்க கடமை.”

“கொடும்மா. எங்க போடணும்?”

“படிச்சுட்டுப் போடுங்க சார். நீங்கதான் எதையும் படிக்காம விடமாட்டீங்களே.”

புகழ்ச்சிதான். அதனால் படித்தார்.

‘நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர் உயரமுள்ள நான், உயர்வதற்கு முழுத் தகுதி பெற்றிருந்தும், இப்போதுள்ள உயரத்திலேயே என் வாழ்நாள் முழுவதும் இருப்பதற்கு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து சம்மதிக்கிறேன்.’

பேனா தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அங்கேயே நின்றது.

நாற்பத்துமூன்று வருடத்தில் அவருடைய உயரத்துக்கு அவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. கேட்காத வரையில் அவர் பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தார். கடைக்குள் எட்டிப் பார்த்து, அவர் எதிரே நிற்கும்போதே ‘கடையில் யாருமில்லையா?’ என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் மேல் கம்பி எட்டாமல் யாருடைய பையையாவது பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். மனைவியோடு நடக்கும்போது நடைபாதையில் அவர், கீழே அவள் என்று இருவருமாகப் பேசிவைத்துக்கொள்ளாமலே பழகியிருக்கிறார்கள். அதெல்லாம் தானாக நடந்தது. மழை பெய்வதுபோல. மழைக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

‘மனமுவந்து’ என்ற சொல்லை மட்டும் மறுபடி படித்தார்.

“இந்த ஒரு வார்த்தையை அடிச்சுட்டுப் போடலாமா?”

“அடிச்சா செல்லாது சார்.”

“வேற மாதிரி ஏதாவது படிவம் இருக்கா? ‘பரவாயில்லை’ அப்படிங்கற மாதிரி?”

“இல்ல சார். சம்மதம், இல்லைன்னா சிகிச்சை.”

பையில் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க ஆச்சு?”

“அவனுக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு. கீழ வண்டி பிடிக்கப் போயிருக்கான்.”

“அப்பாடா! நீங்க போனதால ஆச்சு. இல்லைன்னா நினைச்சுப் பார்க்கவே முடியல. நீங்களும் இறங்கிட்டீங்களா?”

“ஒரு கையெழுத்து பாக்கி.”

“போட்டுட்டு வாங்க சீக்கிரம். அதுக்கு என்ன?”

“அதானே,” என்றார் தையல்காரர். போனை வைத்தார்.

ஆலோசகி அவசரப்படுத்தவில்லை. கைகளைக் குவித்தபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எத்தனையோ பேரைத் தெரியும். இந்த இடத்தில் எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியும். தையல்காரர் பேனாவின் மூடியைப் போட்டார். மறுபடி எடுத்தார். பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

“அந்த ரெண்டாவது முறை… தொடையிலயா, முட்டிக்குக் கீழயா? எது தேவலாம்?”

அவள் ஆச்சரியப்படவில்லை. சிகிச்சைப் படிவத்தை எங்கிருந்தும் எடுத்துவரக்கூட இல்லை. அது முதல் தாளுக்கு அடியிலேயே இருந்தது.

“தொடைன்னா நாலு சென்டிமீட்டருக்குப் பிறகு முட்டி மடக்கறது கஷ்டம். கீழன்னா எலும்பு சேர நாள் ஆகும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா சார்?”

“தெரியும்,” என்றார். எல்லாம் தெரிந்திருந்தது. நோட்டில் பத்துப் பக்கத்துக்கு இருந்தது. எது நடக்கும், எது நடக்கக்கூடும், எப்போது நடக்கும், யார் பொறுப்பு, எதுவும் விட்டுப்போகவில்லை. தெரிந்ததில் ஒன்றுகூட அவருடைய கையைப் பிடித்து நிறுத்த முன்வரவில்லை. சிகிச்சைப் படிவத்தின் இரண்டாவது கட்டத்தில், துணியில் கோடு போடுகிற அதே சுத்தத்தோடு ஒரு டிக் போட்டார். கீழே கையெழுத்திட்டார். மறுப்புப் படிவத்தில் விழுந்திருந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

பக்கத்து அறையில் சுவரோரமாக ஓர் அளவுப் பலகை இருந்தது. முறைப்படி ஒருதரம் அளந்துவிடலாம் என்றாள். அவர் செருப்பைக் கழற்றினார், ஏறி நின்றார். முதுகைச் சுவரோடு ஒட்டினார், தாடையை லேசாகத் தூக்கினார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவிலிருந்து தம்பி கூப்பிடுகிற போன், சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

அளவுக்கட்டையை அவருடைய தலைமேல் இறக்கிய ஆலோசகி, எண்ணைப் பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள்.

“சார், குதிகாலை இறக்குங்க.”

தையல்காரர் சரியென்று தலையாட்டினார். இறக்கவில்லை.